வரப்பில் நின்று கேட்டவள்

பூங்கொடி அடுத்தவர் கழனியில் கேட்காமல் கால் வைக்கிறவள் இல்லை. ஒரே ஒரு தரம், கேட்டதற்கு மேல் ஒரு சாண் தோண்டிவிட்டாள். அந்த ஒரு சாணுக்காக ஒரு வருஷம் ஒரு வரப்பை மிதிக்க முடியாமல் போயிற்று. அதுவும் போகட்டும் என்று விட்டிருப்பாள், ஆராயியின் தாலி அந்தக் கழனியிலேயே விழாமல் இருந்திருந்தால்.

படாளம் கூட்ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ஊர் அவளுக்கு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தாண்டவராயன் பெண்சாதி. சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் பதினோரு வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தவள். உள்ளே போகிற பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கைமெஷினை மேலேயும் கீழேயும் தடவி அனுப்புகிற வேலை. சாவிக்கு ஒரு சத்தம், கொலுசுக்கு ஒரு சத்தம், மாரோடு ஒட்டிக் கிடக்கிற தாலிக்கு வேறே சத்தம். எல்லாம் ஒரே 'கீ'தானே என்பார்கள் கூட நின்றவர்கள். அவள் காதுக்கு மட்டும் பிரிந்து பிரிந்து கேட்கும்.

பிறகு கான்ட்ராக்ட் மாறியது. நிலைவாசல் மாதிரி ஒரு மெஷினை நட்டு, அதற்குள் நுழைந்து போங்கள் என்றுவிட்டார்கள். பூங்கொடி வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு ஆன்லைனில் ஒன்றை வரவழைத்தாள். நீளக் கம்பு, நுனியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு தட்டு, காதில் மாட்ட ஒரு ஒயர். மண்ணுக்குள் இரும்போ பொன்னோ இருந்தால் சத்தம் போடும்.

"கட்டில் வாங்கலாம்னா கம்பு வாங்கியாந்து கீறியே" என்றான் தாண்டவராயன். "இது மேல எப்பிடி பட்துகினு தூங்கறது?"

"நீ தூங்கனது போதும், எழுந்து ஆட்டோவ எடு."

கழனி வேலைக்குப் போகிற பெண்கள் தொலைக்காத பொருள் உண்டா? நாற்று நடும்போது கம்மல், மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது மெட்டி, மாடு இழுத்த இழுப்பில் பிள்ளையின் அரைஞாண். கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் பூமாதேவிக்குப் போயிற்று என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்துவிடுவார்கள். பூங்கொடி நாலைந்து பேருக்குத் தேடிக் கொடுத்ததும் தொலைத்தவர்கள் எல்லாரும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் ஆயிற்றா? நிலத்துக்காரர் சரி என்று சொல்லவேண்டுமே.

அதில்தான் அவள் கெட்டிக்காரி. நிலத்துக்காரர் என்பது ஒரு ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பட்டா ஒருத்தர் பேரில் இருக்கும், உழுகிறவர் இன்னொருத்தராய் இருப்பார், பேச்சு செல்லுபடியாகிறது மூன்றாவது ஆளுடையதாய் இருக்கும். ஏரிக்கரை அருணகிரி கழனிக்கு அருணகிரியைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அது அவன் மாமியார் வீட்டுச் சீரில் வந்த கழனி, மாமியாரிடம்தான் போய் நிற்கவேண்டும். இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் காலை எடுத்து வைப்பாள்.

போனால் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு நின்று குரல் கொடுப்பாள். பயிர் நிற்கிறபோது இறங்கமாட்டாள். தோண்டின குழியை அன்றைக்கே மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமன் பண்ணிவிடுவாள். எதற்காக இறங்கினாளோ அது போக, கிடைத்தது எல்லாவற்றையும் நிலத்துக்காரர் வாசலில் நியூஸ்பேப்பர் விரித்துக் கொட்டிக் காட்டுவாள். ஆணி, போல்ட்டு, கலப்பையில் உடைந்த கொழு, சோடா மூடி எல்லாம். டிராக்டர் டயரைக் கிழிக்கிற ஆணி இத்தனை வெளியே வந்ததே என்று பார்த்தவர்கள், மறுபடி எப்போது வருவாய் என்று அவர்களே கேட்பார்கள். பழைய காலத்துப் பொருள் எதுவும் அகப்பட்டால் வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வாள். மாமல்லபுரத்தில் கோயில் இருக்கிற பக்கம் மெஷினை எடுத்துக்கொண்டே போகமாட்டாள். "அந்த மண்ணுக்கு சர்க்காரு சொந்தக்காரன். அவன வரப்புல நின்னு கூப்டா காது கேக்காது" என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் ஜெகதீசன் கழனியில் தவறினாள்.

ஜெகதீசன் யார் என்றால், ஒன்பது வருஷம் முன்பு செத்துப்போன ஞானம்மாள் பெற்ற இரண்டில் இளையவர். மூத்தவள் ஆதியம்மாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் கட்டிக்கொடுத்த பெண். போன பங்குனியில் ஜெகதீசன் மோட்டார் கொட்டகைச் சாவியைக் கழனியில் தொலைத்துவிட்டு அவரே பூங்கொடியைக் கூப்பிட்டார். அரை மணியில் சாவி கிடைத்தது. வெயில் தாங்காமல் அவள் மூலையில் இருந்த வேப்பமரத்து நிழலில் ஒதுங்கினாள். மெஷினை அணைக்கவில்லை. தட்டு தரையில் பட்டது.

அந்தச் சத்தம் இரும்பு இல்லை. மெட்டி போட்ட கால் கூடத்தில் நடந்து போகிற மாதிரி, மெதுவாக, விட்டு விட்டு.

ஆசையா, பழக்கமா தெரியாது, கை களைக்கொத்தை எடுத்துவிட்டது. சருகை ஒதுக்கி ஒரு சாண் தோண்டினாள். பக்கத்துச் சருகுக்குள்ளிருந்து ஒரு செங்கல் சரிந்து விழுந்தது. செங்கல்லில் மஞ்சளும் மூன்று குங்குமப் பொட்டும். கை நின்றுவிட்டது. நிமிர்ந்தால் எதிரே ஜெகதீசன்.

அவர் கத்தவில்லை. "சாவிய குட்த்துட்டு போ. இனிமே இந்த வரப்ப மெரிக்காத."

குழியை மூடினாள். செங்கல்லை நிமிர்த்தி வைத்தாள். போய்விட்டாள்.

"ஜெகதீசன் கழனிக்கி ஏன் போறதில்ல? அங்க இன்னா கீது?" என்று தாண்டவராயன் எத்தனையோ தரம் கேட்டான்.

"மண்ணு கீது" என்றாள். வேறே யார் கேட்டாலும் அதே பதில்.

இந்தச் சமயத்தில்தான் புரட்டாசி நடவு வந்தது. ஆராயி அந்தக் கழனியில் நடவுக்குப் போனாள். ஆராயி தாண்டவராயனுக்குச் சின்னம்மா முறை, பூங்கொடிக்கு அத்தை. அறுபத்தாறு வயதிலும் நாற்று நடுகிறதில் அவளை முந்த ஆள் கிடையாது. சாயங்காலம் கரையேறி வாய்க்காலில் கை கால் கழுவுகிறபோதுதான் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கயிறு இற்றுப்போய் அறுந்து விழுந்திருக்கிறது. பொட்டுத் தாலியும் இரண்டு குண்டும் இல்லை.

மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் புருஷன் சதாசிவம் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, கண் மட்டும் தெளிவு. அந்தக் கண் தன் கழுத்துக்கு வந்துவிடக் கூடாதே என்று நாலு மாதம் குனிந்தே கஞ்சி ஊட்டினாள்.

தை அறுப்பு முடிந்ததும் பூங்கொடி வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒம்போது நாள்ல ஜெகதீசன் நவரைப் போகத்துக்கு ஒழவு ஓட்டப் போறானாம். அந்த டிராக்டர் ரொட்டவேட்டரு எறங்கிச்சின்னா அப்பறம் எதுவும் மிஞ்சாதுடி. நீ போய் தேடிக் குடு."

"அத்தே, எனக்கு அந்த வரப்பு மூடிப் போச்சி."

ஆராயி முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "உன் மாமன் இன்னும் எத்தினி நாளோ. நாளைக்கே எதுனா ஆச்சின்னா, அன்னிக்கி என் கழுத்துலேர்ந்து இன்னாத்த கழட்டுவாங்க? இந்த கெழங்கையா? கழட்டறதுக்காவது அது இருக்க வாணாவா?"

பூங்கொடி மறுநாள் காலையில் போய் நின்றாள். வரப்பை மிதிக்கவில்லை. மிதிக்காதே என்று சொன்ன பேச்சு இன்னும் இருக்கிறதே. ரோட்டு ஓரத்திலேயே நின்று கூப்பிட்டாள்.

ஜெகதீசன் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். பூங்கொடி ஆராயியின் தாலி விஷயத்தைச் சொன்னாள். அவர் வேப்பமரத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"ஒரு வருசமா ஆவுது" என்றார். "அந்த மூலையில இன்னா கீதுன்னு ஊர்ல ஒருத்தரும் என்னிய கேக்கல."

"நான் சொன்னாத்தானே அண்ணாத்த கேப்பாங்க."

"உன் வூட்டுக்காரன் கிட்டயுமா சொல்லல?"

"அவர் கிட்ட சொன்னா ஆட்டோல ஏறுற அத்தினி பேருக்கும் சொன்ன மாதிரி."

சிரிப்பு வந்திருக்கவேண்டும். அடக்கிக்கொண்டார். "இது எனக்கு ஒண்டி பாத்தியப்பட்டதில்ல. எங்கக்காவும் பாதி. அவ சரின்னு சொன்னா எறங்கு."

அது வழி விடுகிற பேச்சில்லை, கதவைச் சாத்துகிற பேச்சு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்காளும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆயிற்று. ஞானம்மாள் போன பிறகு அவள் கழுத்தில் இருந்த தாலியும் கால் மெட்டியும் எங்கே என்று அப்பாவின் காரியத்தில் ஆதியம்மாள் கேட்டாள். தம்பி பெண்சாதி ஸ்ரீதேவி எடுத்து வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கு நிச்சயம். ஜெகதீசன் பதிலே சொல்லவில்லை. காரியம் முடிந்து போனவள் அப்புறம் படியேறவில்லை. கேட்டுச் சொல்ல அப்பாவும் இல்லை. பெண்டாட்டி போன நாற்பதாம் நாள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பூங்கொடி செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ் பிடித்து, மாமல்லபுரம் தாண்டி ஆதியம்மாளின் நாஸ்தா கடைக்குப் போனாள். தகரக் கூரை, இட்லிக் குண்டான், வலை இழுத்துவிட்டு வந்த நாலு ஆள் பெஞ்சியில். ஆதியம்மாள் தோசைக்கல்லின் எதிரே நின்றிருந்தாள், தம்பியின் அதே நெற்றி.

"படாளத்து பக்கமா? யாரு அனுப்பிச்சது, அவனா? அவன் பொண்டாட்டியா?"

"யாரும் அனுப்பலக்கா. ஆராயி அத்தைக்காவ வந்தேன்."

விவரம் சொல்லச் சொல்ல ஆதியம்மாளின் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. "ஆராயிக்காவா? எங்கம்மாவும் அதுவும்தான் நடவுல ஜோடி. அம்மா பாட்ட எடுக்கும், அது எதிர்ப்பாட்டு சொல்லும். அதோடதா போச்சி?" என்றாள். "அதுக்கு என்னிய இன்னாத்துக்கு கேக்கற? கழனி அவன்து."

"பாதி உன்துன்னு அவருதான் சொன்னாரு."

"யாரு?"

"உன் தம்பி."

"அவன் வாயாலயா?"

"அவர் வாயாலதான்க்கா. அக்கா சரின்னாத்தான் எறங்கணும்னாரு."

கல்லில் இருந்த தோசை கருகுகிற வாசனை வந்தது. பெஞ்சியில் இருந்தவர் ஒருத்தர், "அண்ணி, அது எனக்கா, காக்காய்க்கா?" என்றார். ஆதியம்மாள் அதை வழித்துப் போட்டாள்.

"எங்கம்மா கழுத்துல கெடந்தது வூட்டுக்குள்ளயே காணாப் போச்சி" என்றாள் கல்லைப் பார்த்துக்கொண்டே. "அத்த தேட உன் மெஷினுக்கு தெரியுமா?"

பூங்கொடிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெட்டிச் சத்தம், மஞ்சள் செங்கல். சொன்னால் இவள் இப்போதே கிளம்பிவிடுவாள், சரி என்றும் சொல்லிவிடுவாள். ஆனால் வேப்பமரம் ஜெகதீசனுடைய பேச்சு. அதைச் சொல்ல அவர் அவளைக் கேட்கவில்லை.

"கேட்டு வாங்கின எடத்துலதான்க்கா நான் தேடுவேன்" என்றாள்.

ஆதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வரேன். தேடறப்போ நானும் நிக்கணும். அதுக்கு அவன் சரின்னா நானும் சரி."

வெள்ளிக்கிழமை அவள் கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். தம்பி வரப்பில் அந்தக் கோடியில், அக்காள் இந்தக் கோடியில். நடுவில் ஆராயி, வாய்க்கு முந்தானை வைத்துக்கொண்டு. பூங்கொடி செருப்பை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துக் கேட்டாள்.

"எறங்கட்டுமா?"

"எறங்கு" என்றார் ஜெகதீசன்.

"உம்" என்றாள் ஆதியம்மாள்.

"வேப்பமரத்தாண்ட வாணாம்" என்றார் ஜெகதீசன் மறுபடி.

"சரிங்க அண்ணாத்த."

ஆராயி தான் நட்ட வரிசையைக் காட்டினாள். நடவு வரிசையில் அவள் எட்டாவது ஆள், வாய்க்கால் பக்கமிருந்து பின்னாடியே நகர்ந்து நட்டது. அறுத்த தாள்களுக்கு நடுவே பூங்கொடி தட்டை ஆட்டி ஆட்டி நடந்தாள். ஒரு ஆணி. இன்னொரு ஆணி. மாத்திரை அட்டை. டிராக்டர் பின். வெயில் உச்சிக்கு வந்தது. ஆராயியின் வரிசை முடிந்து, இரண்டு பக்கத்து வரிசையும் முடிந்தது. இல்லை.

ஸ்ரீதேவி குடத்தில் மோர் கொண்டுவந்தாள். நாத்தனாருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஆதியம்மாள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. கழனியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஆராயிக்கா, அன்னிக்கி நாத்து மீந்துச்சா?"

"மீந்துச்சி. என் கையில ரெண்டு முடி நாத்து இருந்துது. தூக்கி வரப்புல போட்டேன்."

"கயிறு அந்த முடியோட சிக்கினு போயிருந்தா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நடவு நட்ட கைக்குத்தான் அது தோன்றும். பயிர் செத்த இடத்தில் செருக, மீந்த நாற்றை ஒரு மூலையில் குத்தி வைப்பார்கள்.

"மீந்த நாத்த எங்க குத்தி வச்ச?" ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் தம்பியிடம் அவள் பேசின முதல் பேச்சு இதுதான்.

ஜெகதீசனின் தலை வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது.

"அங்க ஒண்டி வாணாம்" என்றார்.

பூங்கொடி மெஷினை அணைத்தாள். ஆராயியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் தாங்காது. "சரிங்க அண்ணாத்த" என்று ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எதுக்கு வாணாம்? அங்க இன்னாடா பதுக்கி வச்சிகீற?" ஆதியம்மாள் கழனிக்குள் இறங்கிவிட்டாள். "அந்த கெயவி கழுத்துல கெழங்க கட்டிகினு நிக்குது. உனக்கு ஈவு இரக்கமே இல்லியா?"

"தோண்டிட்டா?" ஜெகதீசன் குறுக்கே வந்து நின்றார். "அம்மாவ தோண்டிட்டா?"

"அம்மாவயா?"

"நைனா வச்சாரு. அம்மா காரியத்தன்னிக்கி விடியக்காலம், என்னிய ஒண்டி கூப்டுகினு வந்து. தாலி, மெட்டி, அல்லாம் செம்புல போட்டு. 'பூவாடக்காரியா கழனியிலயே இருக்கட்டும்டா, வூட்டுல அவளுக்கு மூச்சு முட்டும்'னாரு. வெளிய தெரிஞ்சா எவனாவது தோண்டிகினு பூடுவான், சொல்லாதன்னாரு."

சுமங்கலியாய்ப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிற வீடு அது. எந்த நல்லது நடந்தாலும் முதல் புடவை, முதல் பூ அவளுக்குத்தான். ஆதியம்மாளுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

"எனுக்கு கூடவாடா சொல்லக்கூடாது?"

"நீ கேட்டியா? திருடன கேக்கற மாதிரி கேட்ட. சொல்லத் தோணல."

ஸ்ரீதேவி தூரத்திலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜெகதீசன் செருப்பைக் கழற்றினார். வேப்பமரத்து வரைக்கும் நடந்து போய் சருகை ஒதுக்கி, செங்கல்லின் முன்னால் நின்றார்.

"பூங்கொடி, வா. மெஷின வை. தோண்டாத. அக்கா கேக்கட்டும்."

பூங்கொடி காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. தட்டைச் செங்கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே சத்தம். மெதுவாக, விட்டு விட்டு.

ஆதியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "நடக்கறா" என்றாள். "ராத்திரில தண்ணி மோக்க எழுந்து போவா, இப்பிடித்தான் கேக்கும்." பிறகு திரும்பாமலே, "ஸ்ரீதேவி, அந்த மோர எட்தாடி, தொண்ட வறளுது" என்றாள்.

ஜெகதீசன் நாற்று குத்தின இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். செங்கல்லிலிருந்து நாலடி தள்ளி. பூங்கொடி ஆட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது ஆட்டத்தில் ஊசி குத்துகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம். சிறுசேரி வாசலில் பதினோரு வருஷம் கேட்டது. அவள் மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"தோண்டட்டுமா?"

"கேக்கறா பாரு" என்றார் ஜெகதீசன். "தோண்டுடி."

நாலு விரல் ஆழம். நாற்று வேரோடு வேராய்ப் பின்னி, கறுத்துப்போன கயிறு. அதில் பொட்டுத் தாலியும் ஒரு குண்டும். இன்னொரு குண்டு பக்கத்து மண்கட்டியை உடைத்ததும் கண்ணைத் திறந்தது. ஆராயி வாங்கி மோட்டார் தண்ணீரில் கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"போதும்க்கா, தேஞ்சிடப் போவுது" என்றாள் ஆதியம்மாள்.

பூங்கொடி குழியை மூடித் தட்டினாள். ஆணிகளை வாசலில் கொட்ட எழுந்தவளை ஜெகதீசன் தடுத்தார். "அத்த நான் பாத்துக்கறேன். கெயவி கூட போ, மயக்கம் கியக்கம் வந்துடப் போவுது."

வீட்டில் சதாசிவம் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். ஆராயி புதுக் கயிற்றில் கோத்து முடிந்துகொண்டு, நாலு மாதத்தில் முதல் தரமாக நிமிர்ந்து அவர் எதிரில் உட்கார்ந்து கஞ்சியை எடுத்தாள். கிழவரின் கண் கழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. கோணின வாயால் ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார்.

"கெழங்கு... நல்லாத்தான்... இருந்துது."

ஆராயியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "அப்போ பாத்துகினுதான் இருந்தியா? நாலு மாசமா?"

"வேற... இன்னா வேல... எனக்கு?"

பூங்கொடி அங்கே நிற்கவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைக் காலால் துழாவினாள். இல்லை. ஜெகதீசன் வரப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இருக்கட்டும், நாளைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று வெறுங்காலோடு நடந்தாள்.